பிராங்க் ஹார்ன்பி

பிராங்க் ஹார்ன்பி (மே 15, 1863 – செப்டம்பர் 21, 1936) இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரும் அரசியல்வாதியும் ஆவார். மெக்கானோ எனப்படும் பொறியியல் விளையாட்டுத் தொகுதி, ஹார்ன்பி விளையாட்டுத் தொடர்வண்டிகள், டிங்கி டாய்ஸ் எனப்படும் அச்சுவார்ப்புச் சிறு வண்டிகள் ஆகிய மூன்றும் இவருடைய நிறுவனத்திலிருந்தே வெளிவந்தன. பொறியியல் கல்வி எதுவும் பெறாத ஒரு கணக்கரே இவற்றைத் தொடங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

டிங்கி வண்டிகள் இன்று சிறுவர்களை விடப் பெரியவர்களாலேயே அதிகம் தேடப்படுகின்றன. அவற்றுள் சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டிகளுக்குத் தனி விருப்பம் உண்டு. ஓர் அச்சுவார்ப்பு வண்டி தரமானதா, கேட்கும் விலைக்குத் தகுமா என்பதை அறிய, அது ஹார்ன்பியின் தொழிற்சாலையில் எந்த உலோகத்தால், எவ்வாறு செய்யப்பட்டு, எவ்வாறு விற்கப்பட்டது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். எனவே இக்கட்டுரையில் இவருடைய வாழ்க்கையுடன் அவ்விவரங்களும் சேர்த்துத் தரப்படுகின்றன.

இளமையும் குடும்பமும்

ஹார்ன்பி லிவர்பூலில் காப்பரஸ் ஹில் என்னும் தெருவில் பிறந்தார். தந்தை ஜான் ஆஸ்வால்ட் ஹார்ன்பி உணவுப்பொருள் வணிகர், தாயார் மார்த்தா. பள்ளிப் படிப்பில் இவர் பெரிதும் ஈடுபாடு கொள்ளவில்லை. 16 வயதில் பள்ளியை விட்டு விலகித் தந்தையின் வணிகத்தில் காசாளராகச் சேர்ந்தார். சாமுவேல் சுமைல்சு எழுதிய தன்முயற்சி பற்றிய நூல் இளமையில் இவரை மிகவும் கவர்ந்தது. அந்நூலில் வரும் கண்டுபிடிப்பாளர்களைப் போல் தாமும் ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்னும் ஆவல் அப்போதே இவருக்கு ஏற்பட்டது. ஓயாது இயங்கும் பொறி ஒன்றைச் செய்யவும் முயன்று தோற்றார்.

1887 ஆம் ஆண்டு சனவரி மாதம் பள்ளி ஆசிரியையான கிளாரா வாக்கர் கோட்பிராய் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ரோலண்ட், டக்ளஸ் என்னும் இரு மகன்களும் பட்ரீசியா என்னும் மகளும் பிறந்தனர். 1899 இல் தந்தை இறந்ததும் குடும்ப வணிகம் மூடப்பட்டது. அதன் பின்னர், இறைச்சி இறக்குமதி செய்துவந்த டேவிட் ஹியூ எலியட் என்பவரிடம் ஹார்ன்பி கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 36. பெயர் சொல்லும்படியான எதையும் அதுவரை அவர் செய்திருக்கவில்லை.

மெக்கானோவின் தோற்றம்

வீட்டில் ஓய்வு நேரத்தில் மகன்களுக்காகத் தகட்டை வெட்டிப் பாலம், பாரந்தூக்கி போன்ற விளையாட்டுப் பொருட்களைச் செய்து கொடுப்பது ஹார்ன்பியின் வழக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே உறுப்புகளைச் செய்ய வேண்டியிருந்தது. ஒரே வகையான சில உறுப்புகளைக் கொண்டு பல பொருட்களைச் செய்து, பின் அவற்றைக் கழற்றி வேறொன்றாக மாற்ற முடிந்தால் என்ன என்று இவர் எண்ணினார். கிறித்துமசுக்கு முன் ஒருநாள் தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது இவ்வெண்ணம் தோன்றியதாகப் பிற்காலத்தில் இவரே கூறியுள்ளார்.

இதற்கு இவர் கண்ட தீர்வு மிக எளியது. அரை அங்குல அகலமுள்ள உலோகப் பட்டைகளில் அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவான துளைகள் இடப்பட்டன. எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையுடனும் திருகாணியும் மரையும் கொண்டு இணைக்கலாம். அதே துளைகள் அச்சுத்தண்டைத் தாங்கும் இடங்களாகவும் பயன்பட்டன. துளைகளின் இடைவெளி சிறிது பிசகினாலும் முழு அமைப்பும் பொருந்தாமல் போகும். ஆகவே இந்த விளையாட்டின் உயிர்நாடி அளவின் துல்லியமே ஆகும். பிற்காலத்தில் ஹார்ன்பியின் பொருட்கள் அனைத்திற்கும் கிடைத்த நற்பெயர் இதிலிருந்தே தொடங்கியது எனலாம்.

1901 சனவரியில் இவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதற்கான செலவுக்குக் கையில் பணம் இல்லாமையால், முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் பெற்றார். எலியட் கடன் கொடுத்ததோடு நில்லாது, தம் அலுவலகத்தை அடுத்து வெறுமையாக இருந்த இடத்தையும் கொடுத்துப் பங்காளியும் ஆனார். 1902 இல் 'மெக்கானிக்ஸ் மேட் ஈசி' என்னும் பெயரில் முதல் தொகுதி விற்பனைக்கு வந்தது. அதில் 16 வகை உறுப்புகளும் ஒரு விளக்கத் தாளும் இருந்தன. விலை 7 சில்லிங் 6 பென்சு. அக்காலத்தில் உழைக்கும் குடும்பம் ஒன்றுக்கு இது சிறிய தொகை அன்று. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் ஹீல்-ஷா இதனைப் பாராட்டிப் பரிந்துரை அளித்தது விற்பனைக்கு உதவியது. எனினும் 1906 ஆம் ஆண்டில்தான் சிறிதளவு இலாபம் கிடைத்தது.

1907 இல் 'மெக்கானோ' என்னும் பெயர் பதிவு செய்யப்பட்டது. ஹார்ன்பி வேலையை விட்டுவிட்டு டியூக் தெருவில் ஓர் இடத்தில் உற்பத்தியைத் தொடங்கினார். 1908 மே மாதம் மெக்கானோ நிறுவனம் உருவானது. எலியட் புதிய நிறுவனத்தில் சேரவில்லை. ஐந்து பவுண்டு கொடுத்தவர், பெரும் செல்வம் வரவிருந்த வேளையில் விலகிக்கொண்டார்.

பின்ஸ் சாலைத் தொழிற்சாலை

வெஸ்ட் டெர்பி சாலையில் சில ஆண்டுகள் இயங்கிய நிறுவனம், 1914 இல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் கட்டப்பட்ட பெரிய தொழிற்சாலைக்கு மாறியது. அடுத்த அறுபத்தைந்து ஆண்டுகள் இதுவே தலைமையிடமாக விளங்கியது. பிரான்சிலும் பின்னர் அமெரிக்காவின் நியூ செர்சியிலும் தொழிற்சாலைகள் ஏற்பட்டன. முதல் உலகப் போரினால் செருமனியில் இருந்த கிளை கைவிட்டுப் போனது. அமெரிக்காவில் மெக்கானோவைப் பார்த்துப் போலிகள் செய்தவர்கள் மீது ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

1916 இல் மெக்கானோ மேகசின் என்னும் இதழ் தொடங்கப்பட்டது. இது தொடக்கத்தில் விளம்பரத்திற்காகவே வெளிவந்தாலும், பாலங்கள், கப்பல்கள், தொடர்வண்டிகள், வானூர்திகள் பற்றிய செய்திகளைத் தாங்கிச் சிறுவர்களின் அறிவியல் இதழ் போலவே வளர்ந்தது. டிங்கி வண்டிகள் எந்த மாதம் வெளிவந்தன, எப்போது எண் மாறின என்பவற்றை அறிய இன்றைய சேகரிப்பாளர்கள் முதலில் புரட்டுவது இவ்விதழின் பழைய விளம்பரங்களையே. விளம்பரத் தாள் ஒன்று இவ்வாறு ஆவணமாக மாறும் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தொடர்வண்டிகளும் டிங்கியும்

முதல் உலகப் போருக்குப் பின், 1920 இல், சுருள்வில் முடுக்கத்தில் ஓடும் ஹார்ன்பி தொடர்வண்டிகள் வெளிவந்தன. போருக்கு முன்பு இச்சந்தை பெரும்பாலும் செருமானியரின் கையில் இருந்தது. 1925 இல் மின்சாரத்தில் ஓடும் தொடர்வண்டியும் சேர்ந்தது. 1926 இல் மெக்கானோ உறுப்புகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசப்பட்டன.

தொடர்வண்டி நிலையம் என்றால் பயணிகள், சுமைகூலிகள், வண்டிகள் எல்லாம் வேண்டும் அல்லவா? அதற்காக 1931 முதல் 'மாடல்ட் மினியேச்சர்ஸ்' என்னும் பெயரில் சிறு உருவங்கள் வார்க்கப்பட்டன. 1933 திசம்பரில் இவ்வரிசையில் 22 என்னும் எண் கொண்ட ஆறு வண்டிகள் வந்தன. அவை இரண்டு மகிழுந்துகள், ஒரு சரக்குந்து, ஒரு விநியோக வண்டி, ஓர் உழுவை, ஒரு போர்த்தாங்கி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் செய்யப்பட்ட டூட்சிடாய் வண்டிகள் இதற்கு முன்னோடி. 1934 இல் இவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' எனப் பெயரிடப்பட்டது. தொடர்வண்டியின் துணைப்பொருளாகப் பிறந்தவை விரைவில் தொடர்வண்டியை விடப் புகழ் பெற்றன. டிங்கி மகிழுந்துகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1:43 அளவில் இருப்பதும் இத்தொடர்பினாலேயே. ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது பிரித்தானியாவில் 'ஓ' அகலப் பாதைத் தொடர்வண்டிகளின் அளவுகோல் ஆகும்.

முதலில் வந்தவை ஈயக் கலவையில் வார்க்கப்பட்டன. ஈயம் கனமானது, வளையக்கூடியது, நஞ்சும் ஆகும். 1934 இலேயே நிறுவனம் துத்தநாகக் கலவைக்கு மாறியது. இங்கிலாந்தில் மசாக் என அழைக்கப்படும் இக்கலவையில் பெரும்பகுதி துத்தநாகமும் சுமார் 4 விழுக்காடு அலுமினியமும் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் உள்ளன. உருக்கிய கலவை, இரும்பு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்படும். சில நொடிகளில் உறைந்து, கதவுக் கோடு முதல் முகப்பு விளக்கு வரை நுட்பங்கள் அனைத்தும் பதிந்த உடல் வெளிவரும். ஈயத்தை விடக் கடினமானது, இலேசானது, மலிவானது. துல்லியத்தைப் பெருமையாகக் கொண்ட தொழிற்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது. ஆனால் அதனுள் மறைந்திருந்த குறை ஒன்று பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அது பின்னர் கூறப்படும்.

அரசியலும் மறைவும்

1931 பொதுத் தேர்தலில் லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து பழமைவாதக் கட்சியின் சார்பில் ஹார்ன்பி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிறுவனத்தின் அன்றாடப் பணிகளைப் பிறர் கவனித்துக்கொண்டனர். 1935 தேர்தலுடன் இவருடைய உறுப்பினர் பதவி முடிந்தது. நாடாளுமன்றத்தில் இவர் பெரிதாக ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

இதய நோயாலும் நீரிழிவாலும் துன்புற்ற இவர் 1936 செப்டம்பர் 21 ஆம் நாள் காலமானார். லிவர்பூலுக்கு அருகில் தாம் வாழ்ந்த மகல் என்னும் ஊரில், புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் ரோலண்ட் நிறுவனத்தின் தலைவரானார்.

டிங்கி தீயணைப்பு வண்டிகள்

ஹார்ன்பி மறைந்த 1936 ஆம் ஆண்டில்தான் 25எச் என்னும் எண் கொண்ட தீயணைப்பு வண்டி வெளிவந்தது. காற்றைக் கிழித்துச் செல்வது போன்ற வளைந்த முகப்பும், மேலே தகர ஏணியும், பக்கத்தில் சிறு மணியும் கொண்ட இது ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுடையது. இதே வண்டி தகரத்தால் செய்த தீயணைப்பு வீரர்களுடன் 25கே என்னும் எண்ணில் 1937 முதல் இரண்டாம் உலகப் போர் வரை விற்கப்பட்டது. வீரர்கள் குழந்தைகளின் கையில் உடைந்து தொலைந்து போனமையால், முழுமையான 25கே இன்று மிக அரிது. போரின்போது உற்பத்தி நின்றது. போருக்குப் பின் 25எச் மீண்டும் வந்து, 1954 இல் 250 என்னும் புதிய எண்ணைப் பெற்று, 1960களின் தொடக்கம் வரை தொடர்ந்தது. ஒரே அச்சின் வடிவம் கால் நூற்றாண்டு காலம் விற்பனையில் இருந்தது என்பதால், ஒரு படி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கும் முதற்கேள்வி ஆகிறது.

1952 இல் நீளும் ஏணியுடன் கூடிய 555 எண் கொண்ட பெரிய காமர் தீயணைப்பு வண்டி வந்தது. இது பின்னர் 955 என எண் மாறியது. 1958 இல் சுழலும் ஏணி கொண்ட 956, 1960களில் விமான நிலையத் தீயணைப்பு வண்டியான 276, 1969 இல் மெரிவெதர் மார்க்விஸ் வகையான 285 என்பன தொடர்ந்தன. பிரான்சிலிருந்த தொழிற்சாலை டெலாகே, பெர்லியே வண்டிகளைத் தனியே செய்தது. போட்டியாளர்களும் வாளாவிருக்கவில்லை. லெஸ்னி நிறுவனத்தின் மேட்ச்பாக்ஸ் வரிசையில் டென்னிஸ் தீயணைப்பு வண்டி 1955 இல் வந்தது. 1956 இல் தொடங்கிய கார்கி வண்டிகள் நெகிழிச் சாளரங்களுடன் வந்து டிங்கியையும் சாளரம் பொருத்த வைத்தன. 955 இன் பிற்காலப் படிகளில் சாளரம் உள்ளது. முற்காலப் படிகளில் இல்லை.

தரமும் மதிப்பும் அறிதல்

உலோகம்

போருக்கு முந்திய வண்டியைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தை அன்று, உலோகத்தை. துத்தநாகக் கலவையில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் போன்ற மாசுகள் மிகச் சிறிதளவு கலந்தாலும், ஈரக் காற்றில் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு ஏற்படும். உலோகம் உள்ளிருந்தே வீங்கி, விரிந்து, வெடித்து, இறுதியில் பொடியாக உதிரும். இதனைச் சேகரிப்பாளர்கள் துத்தநாக நோய் என்பர். ஒரு இலட்சம் பங்கு கலவையில் ஈயம் 5 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது இன்றைய தர அளவு. 1930களில் பின்ஸ் சாலையில் ஈயமும் ஒரே கூரையின் கீழ் உருக்கப்பட்டது. கழிவு ஈயம் தவறுதலாகக் கலந்திருக்கக்கூடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது.

அரை அங்குலத் துளையில் பிசகு வராமல் காத்த ஒரு நிறுவனத்தின் வண்டிகள், வெளியே அளவு சரியாக இருந்தும் உள்ளே கெட்டுப்போயின. வாங்கிய சிறுவனுக்கோ, விற்ற கடைக்காரருக்கோ, ஹார்ன்பிக்கோ இது தெரிந்திருக்க வழியில்லை. ஓர் உருகுகலனில் கலந்த மாசு அதிலிருந்து வார்த்த வண்டிகளை மட்டுமே கெடுத்தது. ஆகவே ஒரே மாதத்தில் செய்த இரு வண்டிகளுள் ஒன்று இன்றும் உறுதியாக இருக்க, மற்றது நொறுங்கியிருக்கக் காணலாம். ஆண்டைக் கொண்டு மட்டும் ஒன்றும் கூற முடியாது.

நோயை அறிய வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, வண்ணம் குறைவாக உள்ள உட்புறத்தில் நுண்ணிய வலைபோன்ற வெடிப்புகள் உள்ளனவா என உருப்பெருக்கியால் நோக்க வேண்டும். மேற்புறத்தில் வண்ணம் கொப்புளம் போல் எழும்பியிருந்தால் ஐயுற வேண்டும். தீயணைப்பு வண்டியின் நீண்ட உடல் இதற்கு நல்ல சோதனைக்களம். தட்டையான மேசையில் வைத்து, பக்கக் கோடு வில்போல் வளைந்துள்ளதா, நான்கு சக்கரங்களும் மேசையைத் தொடுகின்றனவா என்று பார்க்கலாம். வீங்கிய உடல், நலமான மற்றொரு படியை விட மில்லிமீட்டர் அளவில் நீண்டிருக்கும் என்பதால் அளந்து ஒப்பிடுவதும் உண்டு. சக்கரங்களும் வார்ப்பே ஆகையால், உடல் நலமாக இருந்தும் சக்கரம் மட்டும் உதிர்ந்திருக்கலாம்.

இந்நோய்க்கு மருந்து இல்லை. பசையும் வண்ணமும் வெடிப்பை மறைக்குமே அன்றி நிறுத்தா. ஈரமும் வெப்ப மாறுதலும் இல்லாத இடத்தில் வைத்தால் நோய் மெதுவாகும். நோய் தொடங்கிவிட்ட அரிய வண்டிக்குப் பெரும் விலை கொடுப்பவர், நாள்தோறும் கரையும் ஒன்றை வாங்குகிறார். மறுபுறம், தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் வெடிப்பு இல்லாத வண்டியின் உலோகம் தூயது என்று பெரும்பாலும் நம்பலாம். போருக்குப் பிந்திய டிங்கிகளில் இந்நோய் அரிது.

காலமும் உறுப்புகளும்

போருக்கு முந்திய 25எச்சையும் பிந்தியதையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உதவும். முந்தியதன் அச்சுத்தண்டு மெல்லியது; பிந்தியதில் தடித்தது. முந்தியதன் சக்கர நடுவம் வழவழப்பாக இருக்கும். பிந்தியதில் எழும்பிய வளையம் காணப்படும். முந்தியதில் பெரும்பாலும் வெள்ளை டயர், பிந்தியதில் கறுப்பு. இவற்றுள் டயரை நம்பிப் பயனில்லை. பழைய இரப்பர் காய்ந்து வெடித்துவிடுவதால், இன்று செய்த வெள்ளை டயர்கள் எளிதில் கிடைக்கின்றன. அச்சுத்தண்டை மாற்றுவது கடினம் என்பதால் அது கூடுதலான சான்றாகும்.

ஏணியும் மணியும்தான் தீயணைப்பு வண்டிகளில் முதலில் தொலைபவை. மாற்று ஏணிகள் பலரால் செய்து விற்கப்படுகின்றன. மாற்று உறுப்பு பொருத்துவது குற்றமன்று, அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். மூல ஏணி என்றால் அதிலுள்ள தேய்மானம் உடலில் உள்ள தேய்மானத்துடன் ஒத்திருக்கும். எண்பது ஆண்டு அடிபட்ட உடலின் மேல் பளபளக்கும் ஏணி இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதே முறை.

வண்ணம்

மீண்டும் வண்ணம் பூசிய வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பாளர்களிடையே அதன் மதிப்பு வீழ்ந்துவிடும். விளிம்புகளில் இயல்பாகத் தேய்ந்த மூல வண்ணமே விரும்பப்படுகிறது. வண்ணம் பூசுபவர் வண்டியைக் கழற்ற வேண்டும். அதற்கு அடித்தகட்டைப் பிடித்திருக்கும் தறையாணியைத் துளைக்க வேண்டும். எனவே தறையாணியின் தலை நசுங்கியோ துளைபட்டோ திருகாணியாக மாறியோ இருந்தால் வண்டி திறக்கப்பட்டது என்று பொருள். அச்சுத்தண்டின் முனைகளில் சிவப்பு படிந்திருந்தால் வண்டியைக் கழற்றாமலே பூசியுள்ளனர். கதவுக் கோடுகளும் முகப்புச் சட்டத்தின் வரிகளும் மழுங்கியிருந்தால், பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு தடித்துவிட்டது. புறஊதா விளக்கின் கீழ் இக்கால வண்ணங்கள் பழைய வண்ணங்களிலிருந்து வேறாக ஒளிர்வதும் உண்டு.

சிவப்பு வண்டிகளுக்கு மற்றொரு தொல்லை, வெயில். சன்னலோரம் வைக்கப்பட்ட வண்டியின் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருக்கும். படத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி விற்பவரிடம் மறுபக்கத்தையும் அடித்தகட்டையும் காட்டக் கேட்க வேண்டும்.

பெட்டி

பெட்டியுடன் உள்ள வண்டிக்கு விலை மிகக் கூடும் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் இதில் ஒரு பொறி உள்ளது. போருக்கு முன்னும், போருக்குப் பின் சில ஆண்டுகளும், சிறிய டிங்கி வண்டிகள் தனித்தனிப் பெட்டியில் விற்கப்படவில்லை. கடைக்காரருக்கு ஆறு வண்டிகள் கொண்ட ஒரு பெட்டி வரும்; அவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சிறுவனின் கையில் கொடுப்பார். படம் அச்சிட்ட மஞ்சள் நிறத் தனிப்பெட்டிகள் 1950களின் தொடக்கத்தில்தான் பரவின. எனவே போருக்கு முந்திய 25எச் ஒன்றை அதன் மூலத் தனிப்பெட்டியுடன் விற்பதாக ஒருவர் கூறினால், வண்டியோ பெட்டியோ, இரண்டில் ஒன்று பிற்காலத்தது. மாறாக, ஆறு வண்டிகள் வந்த அந்தக் கடைப்பெட்டி காலியாகக் கிடைத்தாலும் மதிப்புடையது. 555, 955 ஆகியவை சூப்பர்டாய்ஸ் வரிசையைச் சேர்ந்தவை ஆதலின் அவற்றுக்குத் தனிப்பெட்டி உண்டு. பெட்டியில் உள்ள எண்ணும், வண்டிக்குச் சாளரம் உண்டா இல்லையா என்பதும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். போலிப் பெட்டிகளும் அச்சிடப்படுகின்றன. அட்டையின் உட்புறம் வெண்மையாகவும் மடிப்புகள் கூர்மையாகவும் இருந்தால் எச்சரிக்கை தேவை.

விலை

ஏலங்களில் வண்டிகள் புத்தம்புதியவை, ஏறத்தாழப் புதியவை, மிக நன்று, நன்று என்பன போன்ற படிநிலைகளில் வகைப்படுத்தப்படும். படி ஒன்று இறங்கும்போது விலை சிறிதாக அன்றிச் செங்குத்தாக இறங்கும். மேலும், பழமை மட்டுமே விலையை உயர்த்துவதில்லை. 250 எண் கொண்ட தீயணைப்பு வண்டி பல ஆண்டுகள் பெருமளவில் விற்கப்பட்டமையால், அடிபட்ட படிகள் இன்றும் எளிதில் கிடைக்கும். வீரர்கள் குறையாத 25கே அவ்வாறன்று. டிங்கியில் பெரும் விலை பெற்றவை ஒரு கடைக்காக மட்டும் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்ட வண்டிகளே. பென்டால்ஸ் என்னும் கடையின் பெயர் தாங்கிய விநியோக வண்டி ஒன்று 1994 இல் இலண்டன் ஏலத்தில் 12,650 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதில் உள்ள உலோகம் 25எச்சில் உள்ளதே. அரிய எழுத்துகளே அவ்விலைக்குக் காரணம்.

சிறுவயதில் டிங்கி வைத்து விளையாடிய தலைமுறை குறையக் குறைய, நடுத்தர நிலையில் உள்ள பொதுவான வண்டிகளுக்கு வாங்குவோரும் குறைகின்றனர். முதலீடாக எண்ணி வாங்குவோர் இதனை மனத்தில் கொள்ளுதல் நன்று. 1933-34 ஈய வண்டிகளையும் பழைய வண்ணம் பூசியவற்றையும் சிறு குழந்தைகளிடம் கொடுத்தல் கூடாது.

நிறுவனத்தின் பிற்காலம்

1964 இல் மெக்கானோ நிறுவனத்தை லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கியது. 1971 இல் அந்நிறுவனம் வீழ்ந்தபின் மெக்கானோவும் டிங்கியும் ஏர்பிக்சு வசமாயின. 1979 நவம்பர் இறுதியில் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. டிங்கி என்னும் பெயர் 1987 இல் மேட்ச்பாக்ஸ் வசம் சென்று, பின்னர் மட்டேல் நிறுவனத்துக்கு உரியதானது. இக்காலத்தில் அப்பெயரில் வந்தவை பின்ஸ் சாலை வண்டிகள் அல்ல. ஹார்ன்பி தொடர்வண்டிகள் தனி நிறுவனமாகத் தொடர்கின்றன.

டிங்கியின் சில அச்சுகள் இந்தியாவுக்கும் வந்தன. 1960களின் இறுதியிலிருந்து கல்கத்தாவில் அவற்றைக் கொண்டு 'நிக்கி டாய்ஸ்' என்னும் பெயரில் வண்டிகள் வார்க்கப்பட்டன. உடல் ஒன்றாகவே இருப்பதால், அடித்தகட்டைப் பாராமல் இவற்றை டிங்கி என்று வாங்கி ஏமாறுவோர் உண்டு. வார்ப்பும் பூச்சும் சற்றுக் கரடுமுரடாக இருக்கும். எனினும் எண்ணிக்கை குறைவு என்பதால் நிக்கி வண்டிகளையே தேடிச் சேகரிப்போரும் இன்று உள்ளனர்.

நினைவு

மகல் நகரில் ஹார்ன்பி வாழ்ந்த 'தி ஹாலிஸ்' என்னும் இல்லத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. அவ்வூரில் உள்ள மதுவகம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.